கடுகு காட்டிய கண்ணாடி

என் மாமியார் மீன் கூடையோடு தெருவுக்குள் நுழைந்தால், மூன்றாவது தெருவில் இருப்பவர்களும் பாத்திரத்தை எடுத்து வைத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு குரல். குருசுக்குப்பத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, முப்பது வருஷத்துக்கு மேல் புதுச்சேரித் தெருக்களில் செருப்பில்லாமல் நடந்து மீன் விற்றவர். பெரிய வீட்டுச் சமையல்காரரோடும் பேரம் பேசுவார், போலீஸ்காரரோடும் பேரம் பேசுவார். அவரை யாரும் வென்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் குரல் என் முன்னால் மட்டும் வராது.

எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகன் எதிரில் உட்காரமாட்டார், கால் நீட்டமாட்டார், முகம் பார்த்துப் பேசமாட்டார். இப்போது அதெல்லாம் குறைந்துவிட்டது. என் மாமியார் குறைத்துக்கொள்ளவில்லை. எனக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் வரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. என் மனைவி இருந்தால் அவள் மூலமாகச் சொல்வார். அவள் இல்லாவிட்டால் கதவு மூலமாகச் சொல்வார். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கதவே, சோறு ஆறுதுன்னு சொல்லு" என்பார். நான் எழுந்து போய்ச் சாப்பிடுவேன். நானும் பேச்சுக்காரன் இல்லை. அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கதவு போதுமானதாக இருந்தது.

பேசாவிட்டாலும் அவரிடம் எனக்கு ஒரு நன்றி உண்டு. நானும் குருசுக்குப்பத்துக்காரன்தான். ஆனால் கடல் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டதும் படகுக்குப் போகாமல் முத்தியால்பேட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு வேலைக்குப் போனேன். எனக்குப் பெண் கொடுக்கும்போது ஊரே சிரித்தது. "கடலுக்குப் போவ பயந்தவனுக்கா பொண்ணு குடுக்குற?" என்று கேட்டார்கள். அவர் புருஷன் ஓர் ஐப்பசி மாதம் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். "கரையில கெடக்குறவன் சாயந்திரமானா வூட்டுக்கு வருவான் இல்ல? எனக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டாராம். இதை என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அப்போது அவர் அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தார். சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிவிட்டிருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டே மீன் விற்றார். ஒருநாள் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுக்கும்போது கெளுத்தி முள் அவர் குதிகாலில் ஏறி ஒடிந்துவிட்டது. கெளுத்தி முள் குத்தினால் கடலோடிகளே அழுவார்கள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கூடையோடு ஊரெல்லாம் சுற்றிவிட்டு மாலையில் கால் கழுவும்போதுதான் பார்த்திருக்கிறார். "கெளுத்தி குத்தியே அசராத காலு" என்று குப்பத்தில் அதற்கு ஒரு பேர் வந்துவிட்டது. அவருக்கும் அதில் பெருமைதான். நாங்களும் பெருமைப்பட்டோம்.

முள்ளை எடுத்த நர்ஸ் அம்மா மட்டும் பெருமைப்படவில்லை.

"இது வீரம் இல்ல ஆயா. சர்க்கரையில காலு மரத்துப் போச்சு. குத்துனாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. அதுக்குத் தெரியலன்னா நாமதான் பார்த்துத் தெரிஞ்சிக்கணும். தெனம் ரெண்டு வேளை உள்ளங்காலப் பாருங்க. வூட்டுக்குள்ளயும் செருப்பு போடணும். இனிமே வெறுங்காலோட ஒரு அடி வெக்கக்கூடாது."

"வூட்டுக்குள்ள செருப்பா? வூடு இன்னா சந்தையா?" என்று என் மாமியார் கேட்டார். ஆனால் கேட்டதோடு சரி. அன்றைக்கே கூடையைக் கீழே வைத்தார். எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். வீட்டுக்குள் போடுவதற்கென்று மெத்தென்ற ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டார். சாமி படத்துக்கு விளக்கேற்றும்போது அதைக் கழற்றிவிட்டு, ஒரு கோணியைப் போட்டு அதன் மேல் நிற்பார். வெறுந்தரை படக்கூடாது என்று சொன்னால் படக்கூடாதுதான். ஆயுள் முழுக்க வெறுங்காலோடு நடந்த ஒருவர் ஒரே நாளில் மாறுவதை நான் அப்போதுதான் பார்த்தேன். எனக்குப் பீடியை விடுவதற்கு ஒன்பது வருஷம் ஆயிற்று.

காலையிலும் மாலையிலும் என் மனைவி அவர் உள்ளங்காலைப் பார்ப்பாள். அப்படியே ஒரு வருஷம் ஓடியது. அப்புறம் கடலூரில் இருந்த எங்கள் மகளுக்கு இரண்டாவது பிரசவ நேரம் வந்தது. பயணம் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் என் மனைவிதான் அங்கே போக வேண்டியதாயிற்று. ஒன்றரை மாதம் ஆகும்.

கிளம்பும் நாள் காலையில் அவள் கேட்டாள். "ஏங்க, அம்மா காலை யாரு பாக்குறது?"

நான் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களத்தான். நீங்க பாத்துக்குறீங்களா?"

கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "அடியே, மாப்ள மொகத்துக்கு நேரா நான் காலை நீட்டுறதா? அதுக்கு அந்தக் காலே இல்லாமப் போவலாம்டி."

"அப்ப எதிர் வூட்டு அக்காவப் பாக்கச் சொல்றேன்."

"ஊர்ல இருக்குறவளுக்கெல்லாம் காலைக் காட்டிக்கினு கெடக்கவா? நானே பாத்துக்குறேன் போ."

தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது சுலபமில்லை. முழங்கால் வலி இருப்பவர்களுக்குக் காலை மடக்கித் திருப்பவே முடியாது. அவர் ஒருநாள் முயற்சி செய்து பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். சத்தம் கேட்டும் நான் உள்ளே போகத் தயங்கி, வாசலில் நின்று இருமினேன். "கதவே, ஒண்ணும் ஆவலன்னு சொல்லு" என்று குரல் வந்தது.

அன்றைக்கே எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அப்போது நான் சொந்தமாக வண்டி ரிப்பேர் கடை வைத்திருந்தேன். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. பழைய மொபெட்டிலிருந்து கழற்றிய பக்கக் கண்ணாடி ஒன்று கிடந்தது. ஒரு சைக்கிள் பல்சக்கரத்தை அடியில் வைத்து, பிரேக் கம்பியை வளைத்து நிறுத்தி, அதில் கண்ணாடியை மாட்டினேன். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். கதவோரம் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "கதவே, காலு நல்லாத் தெரியுதுன்னு சொல்லு" என்றது குரல்.

மறுநாள் அந்தக் கண்ணாடி தெரு முழுக்கப் போய் வந்தது. "எங்க மாப்ள செஞ்சது. எனக்கோசரம் செஞ்சது" என்று எல்லோரிடமும் காட்டியிருக்கிறார். எதிரில் இஸ்திரி போடுகிறவர் என்னிடம் வந்து, "அண்ணே, உங்க வூட்டுக் கதவுக்கு ஏற்கெனவே வாய் இருந்திச்சி, இப்பக் கண்ணும் குடுத்துட்டீங்களாமே" என்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

தினமும் காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் கதவு எனக்குச் செய்தி சொல்லும். "ஒண்ணும் இல்லன்னு சொல்லு." நான் அதைக் கடைக்குப் புதிதாக வாங்கியிருந்த செல்போனில் கடலூருக்குச் சொல்வேன். மூன்று வாரம் இப்படியே போயிற்று. பேத்தி பிறந்த செய்தியும் வந்தது.

நாலாவது வாரம் ஒருநாள், "கதவே, கடுகு மாதிரி கருப்பா ஒண்ணு இருக்குதுன்னு சொல்லு. அழுக்காத்தான் இருக்கும்" என்றார்.

கடுகுதானே என்று நானும் விட்டுவிட்டேன். மனைவியிடமும் சொல்லவில்லை. குழந்தை பெற்ற வீட்டில் இருப்பவளை எதற்குக் கலக்க வேண்டும் என்று நினைத்தேன். மறுநாளும் கடுகு. அதற்கு மறுநாளும் கடுகு. ஐந்தாம் நாள், "மொளவு சைஸு ஆயிருக்கும் போல" என்றார். மஞ்சளை அரைத்து வைத்திருப்பதாகவும் சொன்னார். மிளகுக்கு மஞ்சள் போதும் என்றுதான் எனக்கும் பட்டது.

அன்று பத்து மணிக்கு ஒரு வாடிக்கையாளர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கவாட்டில் உரசி மட்கார்டு நசுங்கியிருந்தது.

"இன்னாண்ணே மாட்டி வுட்டீங்க கண்ணாடி? பஸ்ஸு எங்கியோ கொசு மாதிரி தெரிஞ்சிச்சி. சரி, தூரத்துல வரான்னு வளைச்சேன். பாத்தா முதுகுல வந்து நிக்கிறான்!"

"அது குவிஞ்ச கண்ணாடிங்க. எல்லாத்தையும் சின்னதாத்தான் காட்டும். பாத்துதான் வளைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

எடுத்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன்.

இருபது வருஷத்துக்கு மேல் எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லி மாட்டிக்கொடுத்திருக்கிறேன். வீட்டுக்குள் வைத்த கண்ணாடியும் அதே கண்ணாடிதான் என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை. கல்லாப் பெட்டியில் ஒரு சுண்டைக்காய் வற்றல் பொட்டலம் இருந்தது. ஒரு வற்றலை எடுத்து வண்டிக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தேன். மிளகாகத் தெரிந்தது.

வண்டிக்காரரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனேன். கதவு பாதி சாத்தியிருந்தது. அவர் அந்தப் பக்கம் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் நானும் கதவிடம்தான் பேசினேன்.

"கதவே, காலை நான் பாக்கணும்னு சொல்லு."

முறம் நின்றது.

"அந்தக் கண்ணாடி பொய் சொல்லிடுச்சி அத்தை. அது சின்னதாக் காட்டுற கண்ணாடி. தப்பு என்னுது. காலைக் காட்டுங்க."

'அத்தை' என்று நான் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு பாதி சாத்திய கதவோரம், கணுக்கால்வரை புடவையை இழுத்து மூடிக்கொண்டு, ஒரு பாதம் மட்டும் வெளியே வந்தது. முகம், கை எல்லாம் அந்தப் பக்கம்தான். நான் தரையில் மண்டியிட்டுப் பார்த்தேன்.

கட்டைவிரலுக்கு அடியில் சுண்டைக்காய் அளவுக்குக் குழி. நடுவில் கருப்பு. சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. லேசாக நாற்றம் வந்தது. நான் விரலால் பக்கத்தில் தொட்டேன். தொட்டது அவருக்குத் தெரியவில்லை.

கழற்றி வைத்த செருப்பை எடுத்துப் பார்த்தேன். ரப்பருக்குள் அமிழ்ந்து ஒரு பால்ரஸ் குண்டு பளபளத்தது. சக்கரம் சுலபமாகச் சுற்றுவதற்கு அச்சுக்குள்ளே போடும் இரும்புக் குண்டு. என் கடையிலிருந்து உருண்டு வந்து, நிலைப்படி ஓரம் கழற்றிவிட்ட செருப்பில் விழுந்திருக்கிறது. ஐந்தாறு நாளாக அவர் அதன் மேல் நடந்திருக்கிறார்.

ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர் பின்னால், நான் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு. கட்டுப் போடும் அறையில் இருந்த நர்ஸ் அம்மா முதலில் என்னைத்தான் பிடித்தார்.

"எத்தினி நாளா இருக்குது?"

"அஞ்சு நாளா. கடுகு மாதிரி இருந்திச்சி..."

"இதுவா கடுகு? எந்த ஊருக் கடுகு இது?"

டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு இதுவரை நன்றாக இருக்கிறது என்றார். பதினைந்து நாள் பார்க்கலாம், புண் எலும்புக்குப் போனால் விரலை எடுக்க வேண்டும், அதற்கு மேலும் போகலாம் என்றார். புண்ணைச் சுத்தம் செய்து மாத்திரை எழுதினார். சர்க்கரையை இறக்க இரண்டு வேளை ஊசி. தினமும் கட்டு மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் காலைக் கீழே ஊன்றக்கூடாது.

"வூட்ல யாரு பாத்துக்குவாங்க?" என்று கேட்டார்.

"நான்தாங்க. மருமவன்."

நர்ஸ் அம்மா என் கையைப் பார்த்தார். நகத்துக்குள் எல்லாம் கிரீஸ். "இந்தக் கையாலயா?" என்றார். பிறகு எப்படிச் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும், உப்புத் தண்ணீர் பாட்டிலை எப்படி ஊற்ற வேண்டும், துணியை எதால் எடுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வெந்நீர் ஊற்றாதே, மஞ்சள் வைக்காதே, விரல் இடுக்கில் எண்ணெய் தடவாதே என்றார். இரண்டு முறை என்னைத் திருப்பிச் சொல்லவைத்தார்.

மறுநாள் காலை மூன்று முறை கை கழுவிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தேன். அவர் கட்டிலில், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தார். காலை ஒரு தலையணை மேல் வைத்திருந்தார். பழைய கட்டை அவிழ்த்தேன். புண்ணைப் பார்த்ததும் என் கை நடுங்கத் தொடங்கியது. இந்தப் புண் என்னால்தான் வந்தது என்ற நினைப்பு. பஞ்சு கீழே விழுந்தது. இன்னொன்று எடுத்தேன். அதுவும் விழுந்தது.

அப்போது அந்தக் குரல் வந்தது. தெருவில் மீன் விற்கும்போது கேட்கும் அதே குரல். கதவிடம் இல்லை, சுவரிடம் இல்லை.

"இன்னா மாப்ள, கை இப்பிடி ஆடுது? அது கெளுத்தி இல்ல, குத்திடாது. நல்லாப் புடிங்க!"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். கை நடுக்கம் நின்றது.

அன்று மாலை போனில் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள். உடனே பஸ் ஏறுகிறேன் என்றாள். என் மாமியார் போனைப் பிடுங்கிக்கொண்டார். "பச்சப் புள்ளையப் போட்டுட்டு வந்தீனா வாசல்லயே நிக்க வெப்பேன். எங்க ரெண்டு பேருக்கும் சேத்து மூணு காலு நல்லாத்தான் இருக்குது. நீ வராத!"

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். ஒரு நாளைக்கு எட்டு மைல் நடந்த மனுஷி. அந்தக் காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்றால் ஊன்றவே இல்லை. ஒரு நாற்காலியின் கால்களில் சின்னச் சக்கரங்களை மாட்டிக் கொடுத்தேன். நல்ல காலால் உந்திக்கொண்டு சமையலறைக்குப் போவார், குளிக்கப் போவார். புண் பட்ட கால் முன்னால் நீட்டியபடியே இருக்கும். தெருவில் சாமி ஊர்வலம் போன நாளில் வாசலுக்கு எல்லோரும் ஓடினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. "சாமிக்குக் காலு இருக்குது. அது வரும்" என்று நாற்காலியிலேயே கும்பிட்டார். சோற்றை ஒரு கரண்டியாகக் குறைத்தார். மீன் குழம்பை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு கரண்டியோடு நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று குப்பத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். ஊசிக்கு ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை.

என்னையும் விடவில்லை. தினமும் கட்டு அவிழ்ப்பதற்கு முன்னால், "கையக் காட்டுங்க" என்பார். மீன் வாங்கும்போது செவுளைத் திறந்து பார்ப்பதைப் போல என் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "சுண்டு வெரல்ல இருக்குது. போயிக் கழுவிக்கினு வாங்க." நான் போய்க் கழுவிக்கொண்டு வருவேன்.

பதினைந்தாம் நாள் டாக்டர் புண்ணைப் பார்த்தார். மறுபடியும் படம் எடுத்தார். நான் அறைக்கு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து, "மாப்ள! வெரலு நம்முளுதுதானாம்!" என்று ஒரு கத்தல் கேட்டது. வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

முழுவதும் ஆறுவதற்கு அதற்கப்புறமும் நாலு வாரம் ஆயிற்று. அதற்குள் என் மனைவி ஊரிலிருந்து வந்துவிட்டாள். பையோடு வாசலில் வந்து நின்றபோது, நான் அவர் பாதத்தை மடியில் வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் வஞ்சிரத்துக்கு நான் அதிக விலை கொடுத்துவிட்டேன் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"இது நம்ம வூடுதானே?" என்றாள்.

வளைந்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கம்பியில் தட்டையான முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டினேன். அவர் அதிலும் பார்ப்பார், என்னையும் பார்க்கச் சொல்வார். இரண்டும் ஒத்துப்போனால்தான் விடுவார். காலையில் செருப்பைப் போடுவதற்கு முன்னால் நிலைப்படியில் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் கடையைத் திறப்பேன். அவர் இன்னும் ஏழு வருஷம் இருந்தார். கடைசிவரை இரண்டு கால்களோடும் பத்து விரல்களோடும் இருந்தார்.

அந்த இரும்புக் குண்டை நான் தூக்கி எறியப் போனபோது வாங்கித் தன் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போவோம். பெஞ்சில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் சுருக்குப்பை திறந்துவிடும். ஒருநாள் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். சர்க்கரை வந்து பத்து வருஷம் ஆகிறது, தனக்குக் காலில் ஒரு தொந்தரவும் இல்லை, முள் குத்தினாலும் தெரியாது என்று பெருமையாகச் சொன்னார்.

என் மாமியார் குண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இதும் மேல ஆறு நாளு நடந்தவ நானு. எனக்கும் ஒண்ணும் தெரியல. மொதல்ல அந்தச் செருப்பக் கழட்டு."

"இங்கயாம்மா? இத்தினி பேரு எதுர்லயா?"

"எங்க மாப்ள எதுர்லயே நான் காலை நீட்டிட்டேன். உனக்கு இன்னா வெக்கம்? கழட்டு."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் குனிந்து செருப்பைக் கழற்றி, பெஞ்சின் காலில் இரண்டு தட்டுத் தட்டினார்.